புதுப்பிப்பு: படம் பார்க்கும் ஆசை திரும்பிவிட்டது, கோளாறு டிவி செட்டிங்கில்

எந்தப் படம் போட்டாலும் 20 நிமிஷத்தில் கை போனைத் தேடுகிறது, சினிமா ஆசையே போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாகக் காட்டும் டிவி வசதி) அணைக்கச் சொன்னதுதான். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நடுவில் டிவி தானே ஃபிரேம்களைச் செய்து செருகுவதால் எல்லாம் சீரியல் போலத் தெரிந்தது. நடிகர் தலையைத் திருப்பினால் காதோரம் பின்னணி தண்ணீர்போல் நெளியும். இந்த வசதியை மெனுவில் எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று தேடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு (படத்தை எடுத்தபடியே காட்டும் செட்டிங்) இருந்தால் அதுவே போதும்.

எதிர்பாராதது ஒன்று: எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் தெரியும் வகை) படம் போட்டதும் நெளிவு மறுபடி வந்தது. அதற்கான செட்டிங் தனியாகச் சேமிக்கப்படுகிறது. எச்டிஆர் படம் ஓடும்போதே மெனுவுக்குப் போய் இன்னொரு முறை அணைக்க வேண்டும்.

கை தேடாமலிருக்க போனை அடுத்த அறையில் வைத்தும் பார்த்தேன், அது மட்டும் போதவில்லை.