முழங்கால் அளவு ரத்தமும் கடைசி பெஞ்சும்

பன்னிரண்டு வருஷமாகக் கல்லூரியில் சிலுவைப் போர் பாடம் எடுக்கிறேன். 1099 ஜூலை 15, ஐரோப்பியக் கிறிஸ்தவப் படையிடம் ஜெருசலேம் வீழ்ந்தது. அக்ஸா பள்ளிவாசலில் வீரர்கள் முழங்கால் வரை, குதிரைக் கடிவாளம் வரை ரத்தத்தில் போனார்கள். இந்த இடம் வந்ததும் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். அதற்காகவே கொஞ்சம் குரலை இறக்கிச் சொல்வேன்.

போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், குதிரை வாய் வரைக்கும் ரத்தம்னா கணக்கு இடிக்குதே?" என்றான். ஒரே சிரிப்பு. நான் முழித்தேன். முன் பெஞ்சுப் பெண் மெல்ல, "அது பைபிள் வசனம் சார். வெளிப்படுத்தின விசேஷம், பதினாலாம் அதிகாரம்" என்றாள்.

ராத்திரி எடுத்துப் பார்த்தால், அப்படியே இருக்கிறது. இதை எழுதிய ரேமண்ட், படையோடு போன பாதிரியார். கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது வசனம்தான் கைக்கு வந்திருக்கிறது. தேவகோபம் நிறைவேறியது என்று அவர் பூரிக்கிறார், ஆழம் அளக்கவில்லை. நான்தான் இத்தனை வருஷம் அதை அளவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர் 70,000க்கும் அதிகம் என்கிறார். ஜெருசலேம் வீழ்ந்த காலத்திலேயே வாழ்ந்த ஆண்டலூசிய (முஸ்லிம் ஸ்பெயின்) அறிஞர் இப்னு அல் அரபி சொல்வது 3,000.

*

சார், நீங்கள் வகுப்பில் சொன்ன அந்த 3,000ஐ வீட்டில் சொல்லப்போய் மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். "கொன்னவனுக்கு வக்காலத்தா?" என்றார். சாப்பாடே இறங்கவில்லை.

அப்புறம் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கடிதங்களைப் பற்றிப் படித்தேன். 1100இல் பக்கத்துக் கடலோர நகரமான அஸ்கலோனிலிருந்து எழுதிய ஒன்றில், பிடிபட்ட யூதர்களையும் அவர்களுடைய புத்தகங்களையும் பணம் கொடுத்து மீட்ட கணக்கு வருகிறது. ஆக, ஜெருசலேமில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று சொல்லப்படுவது சரியில்லை. ஆனால் மீட்டவர்களில் பலர் நோயில் செத்ததையும் அதே கடிதம் சொல்கிறது. இதை மாமாவிடம் காட்டினேன். சண்டை ஓயவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது.

*

இவர்கள் இருவருக்கும் அடுத்து என் கதை, பரீட்சைக் கதை. "சிலுவைப் போருக்கான காரணங்கள்", பத்து மார்க். சொத்தில் பங்கில்லாத இளைய மகன்கள் நிலம் தேடிப் போனார்கள் என்று கைடில் இருந்ததை எழுதினேன், எட்டு கிடைத்தது.

பிறகுதான் வரலாற்றாசிரியர் ஜொனாதன் ரைலி-ஸ்மித்தின் வாதம் தெரிந்தது. போனவர்கள் மடங்களோடு செய்துகொண்ட சாசனங்களை வைத்து, பலர் நிலத்தை விற்றும் அடமானம் வைத்தும்தான் கிளம்பினார்கள் என்று காட்டினார். நார்மண்டி கோமகன் ராபர்ட்டையே பாருங்கள். மூத்த மகன். நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க் (அன்றைய எடை அளவு) வெள்ளிக்கு அடகு வைத்துவிட்டுப் போனவர். லாபம் தேடிப் போகிறவன் செய்கிற வேலையா இது?

எனக்கு இதிலும் ஒரு உறுத்தல் உண்டு. சாசனத்தை எழுதியவர்கள் துறவிகள். பக்தி என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்கள்? படைத்தலைவர்களில் ஒருவரான பொஹெமண்ட், வழியிலிருந்த அந்தியோக்கியா நகரத்தைப் பிடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், ஜெருசலேம் முற்றுகைக்கு வரவே இல்லை. கைடு சொன்ன ஆசாமியும் படையில் இருந்திருக்கிறான்.

தங்கைக்கு இந்த வருஷம் அதே பேப்பர். ராபர்ட்டைப் பற்றி எழுதச் சொன்னேன். "மார்க் போயிடும்ண்ணா" என்று கைடையே எடுத்துக்கொண்டு போனாள்.