இலையுதிர்ந்த பால்மரத்தடியில் ஒரு கேம்பர் டிரெய்லர்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில், அப்பா பல ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய தோட்டத்தின் ஓரத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. சென்ற மார்ச் மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் தீமா தாசோ ஏரிக்குப் புறப்படுவதற்காக, காரில் கட்டி இழுத்துச் சென்று தங்கும் கேம்பர் டிரெய்லரைக் கொல்லைப்புறத்துப் பால்மரங்களுக்கு அடியில் நிறுத்தி, முதல் நாளே சாமான்களை ஏற்றினோம். மரத்தடியில் வெயில் படாது என்று நான் நம்பியது பெருந்தவறு.

ஆண்டின் முதல் மாதங்களில் வடக்கே பால்மரங்கள் இலை உதிர்க்கும். பகல் ஒரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் வெறுங்கிளைகளே இருந்தன. வெளியே நிழலில் 34 பாகை காட்டிய வெப்பமானி, டிரெய்லருக்குள் 43 காட்டியது. அம்மா அரைத்துக் கொடுத்த தோசை மாவு, எரிவாயுவில் இயங்கும் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டெல்லாம் வழிந்திருந்தது. அவ்வகைக் குளிர்ப்பெட்டி தன் வெப்பத்தைப் பின்புறத் துவாரங்கள் வழியாகத்தான் வெளியேற்றும். மழைக்குப் பயந்து நான் போர்த்திய தார்ப்பாய் அவற்றை அடைத்துவிட்டது.

"இலை கொட்டுற மாசத்துல பால்மரத்தை நம்பலாமாப்பா?" என்று அப்பா கேட்டார்.

செம்பனை நாற்றங்காலில் வேலை செய்யும் சித்தப்பா பழைய நிழல்வலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கூரைமேல் அப்படியே விரித்தால் வலையின் சூடு தகரத்தில் இறங்கும் என்பதால், மூங்கில் கழிகளை நட்டு, கூரைக்கும் வலைக்கும் இடையே ஒரு முழம் காற்றோட இடம்விட்டுக் கட்டினோம். மறுநாள் ஏரிக்கரையிலும் அப்படியே கட்டியபின், அதே வேளையில், வெளியே முந்தைய நாளின் வெயிலே அடித்தபோதும், உள்ளே 36 பாகைதான் இருந்தது. ஏரிக்கு அதிகத் தொலைவில்லாத சூப்பிங்கில்தான் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை பதிவானது என்பதை நினைத்தால், இது எனக்குப் பெரிய ஆறுதலாகவே இருந்தது.

குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும் என்று விடியுமுன் காட்டில் இறங்கிப் பழகியவர் அப்பா. பயணத்தையும் காலை ஐந்து மணிக்கே தொடங்கச் சொன்னார். ஒன்பது மணிக்குள் சேர்ந்ததால், வண்டியை நிதானமாக மட்டம் பார்த்து, நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க நிறுத்த முடிந்தது. காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழுந்தது. மலேசியத் தீபகற்பத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல, ஒன்றேகால் மணியளவில் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிரெய்லரின் மின்கலத்தில் ஏர்கோன் (குளிர்சாதனம்) ஓடுமா என்று பலர் கேட்கிறீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் முழுமையாக இருப்பதே 1,200 வாட்-மணிதான். 1,000 வாட் இழுக்கும் ஏர்கோனுக்கு அது ஒரு மணி நேரம் போதுமானால் அதிகம். கூரைத் துவாரத்தில் வெப்பக் காற்றை வெளியே தள்ளும் மூன்று ஆம்பியர் விசிறி, நிழல் பக்கத்துக் கீழ்ச் சன்னலைத் திறந்து வைத்தால், இரவில் எட்டு மணி நேரம் ஓடியும் மின்கலத்தில் கால்பங்குக்கு மேல் எடுக்காது. தண்ணீர் ஊற்றும் குளிர்விப்பானை இரவல் வாங்கியும் பார்த்தோம். ஏற்கனவே ஈரம் மிகுந்த நம் காற்றில் மெத்தைதான் நனைந்தது.

மேற்கே விழும் மாலை வெயிலுக்கு மட்டும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. வெள்ளிநிறத் தாளொட்டிய அட்டையைச் சன்னலின் உட்புறம் வைத்தோம். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பம் உள்ளேயே தங்கியது. அடுத்த முறை அதை வெளிப்புறம் கட்டப் போகிறேன்.