ஆறிய கவுசுவே, கடலைமாவுத் தோஃபூ: வீட்டில் கலந்தவர்கள் எழுதுகிறோம்

தாம்வே, யாங்கூன்

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மதியத்துக்கு ஆறிய கவுசுவேதான், அதாவது புளியும் எண்ணெயும் விட்டுக் கையால் கலக்கும் பர்மிய நூடுல்ஸ். இந்த ஊரில் அந்த மாதம் பௌத்தர்களின் மழைக்கால நோன்புக்குள் வருவதால், அக்கம்பக்கத்துப் பர்மியக் குடும்பங்கள் சிலவும் அப்போது மரக்கறி உணவுதான். ஆகவே கடையில் மீன் சாறு வேண்டாம் என்று சொன்னால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

நூடுல்ஸ் எல்லாருக்கும் வேகவைக்கத் தெரியும். தோஃபூதான் விஷயம். இங்கே நாங்கள் தோஃபூ என்று சொல்வது சோயாவில் செய்யும் வெள்ளைக் கட்டியை அல்ல. பர்மாவின் கிழக்கே உள்ள ஷான் மாநிலத்துக்காரர்களின் மஞ்சள் தோஃபூ, நம் பஜ்ஜிக்குக் கரைக்கும் அதே கடலைமாவு. சோயாப் பாலைத் திரிக்கத் தாது உப்போ வேறு பொருளோ சேர்க்க வேண்டும். கடலைமாவுக்கு எதுவும் வேண்டாம். அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் வெந்து கெட்டியாகி, ஆறும்போது தானே உறைந்துகொள்கிறது.

அந்த மாநிலத்துத் தௌஞ்ஜியிலிருந்து வந்து எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த ஷான் அம்மா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மாவு ஒரு கோப்பை, தண்ணீர் மூன்று கோப்பை, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இரவு முழுவதும் அப்படியே வைத்துவிடுவார். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் கனத்த வண்டல். இரண்டையும் கலக்கிவிடாமல், மேல்நீரை மட்டும் மெதுவாக வாணலியில் ஊற்றிக் கொதிக்கவைத்து, வண்டலைக் கடைசியில்தான் சேர்ப்பார். பிறகு கிண்டல். விடாமல் கிண்டல். அடிபிடித்தால் ஒரு கரிந்த வாடை வரும், அது எந்தப் புளியாலும் போகாது. கரண்டியிலிருந்து கொழகொழவென்று மடிந்து விழும் பதம் வந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, மூடாமல் விட்டுவிடுவார். மூடினால் ஆவி நீராக விழுந்து மேற்பரப்பு சொதசொதக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில மணி நேரத்தில் உறைந்துவிடும். யாங்கூனில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதனால்தான் இந்தச் சாப்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை. அடுப்பு வேலை காலையோடு முடிந்துவிடும். மதியம் கையால் கலந்தால் போதும்.

கலப்பதற்கு: வெந்த கோதுமை நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, நீர் நன்றாக வடிந்ததும் வெங்காய எண்ணெய் விட்டுப் பிசிறுங்கள், ஒட்டாது. கடலை எண்ணெயில் சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிட்டால், ஆறும்போது மொறுமொறுப்பாகிவிடும். மீதி எண்ணெய்தான் இந்தக் கலவையின் உயிர். அதோடு புளிக்கரைசல், வறுத்து இடித்த மிளகாய், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், கொத்தமல்லித் தழை, மீன் சாற்றுக்குப் பதில் சோயா சாறு. வறுத்த கடலைமாவைக் கடைசியில் தூவ வேண்டும். புளிநீரை அது இழுத்துக்கொண்டு நூடுல்ஸின் மேல் பூச்சாகப் படியும். தோஃபூத் துண்டுகளை எல்லாவற்றுக்கும் பிறகு போட்டு ஒரே ஒரு புரட்டு. அதற்கு மேல் கை வைத்தால் உடைந்துபோகும்.

மௌலமியைன்

அக்கா எழுதியது விரதச் சமையல். மறுக்கவில்லை. ஆனால் கூனிப்பொடி (உலர்ந்த சின்ன இறாலின் பொடி) போடாத கவுசுவேயை என் வீட்டுக்காரி மேசையில் வைத்தால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பேன். கடலும் ஆறும் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு இறால் இல்லாமல் சாப்பிடுவதாவது! வெறும் வாணலியில் கூனியை மணம் வரும்வரை வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். தோஃபூவுக்கே தனியாக ருசி கிடையாது, அது வாங்கிக்கொள்ளும் ருசிதான்.

இன்னொன்று: தோஃபூவைப் பாதி பச்சையாகவும் பாதி பொரித்தும் போடுங்கள். பொரித்தது புளியை உறிஞ்சும், பச்சையானது வாயில் கரையும்.

பெகு

போன மார்கழியில் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருந்தான். அவன் தாத்தா காலத்தில், 1960-களில் இங்கே கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறிய குடும்பம். பர்மா சாப்பாடெல்லாம் எனக்கு அத்துப்படி, பாரிமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தின்றே வளர்ந்தவன் என்று மார்தட்டிக்கொண்டான். என் மனைவி கலவையை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. "இது என்ன அண்ணி, வெளுத்துப்போய் இருக்கிறதே? பொரித்த தட்டையை நொறுக்கிப் போடவில்லையா? வாழைத்தண்டு சூப் எங்கே?"

அவன் பார்த்து வளர்ந்தது ஆரஞ்சு நிறம் ஏற்றிய நூடுல்ஸ். ஆனால் புளி, பூண்டு, முட்டைக்கோஸ், எண்ணெய் எல்லாம் அதேதான். கையால் பிசைவதும் அதேதான். தோஃபூவை மட்டும் அவன் கண்டதே இல்லை. பனீர் என்று நினைத்து வாயில் வைத்தான், "சுண்டல் வாசனை வருகிறதே" என்றான். சரியாகத்தான் சொன்னான்! அப்புறம் இரண்டாவது தட்டுக்குக் கேட்கவில்லை, தானே போட்டுக்கொண்டான். நொறுக்கிய தட்டை போட்டுப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது, இப்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

யாங்கூன், புதிதாகச் சமைப்பவர்

ஒரு சந்தேகம். தோஃபூ வெட்டும்போது கத்தியில் ஒட்டிக்கொண்டு கிழிகிறது. மாவு குறைவா? சென்னை அண்ணன் சொன்ன தட்டைக்கு இங்கே என்ன போடுகிறீர்கள்?

தாம்வே, யாங்கூன்

தம்பி, முழுதாக ஆறுவதற்கு முன்பே வெட்டியிருப்பீர்கள். உள்ளே சூடு இருக்கும்வரை கத்தி வழுக்காது. கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டுங்கள். அப்படியும் கிழிந்தால் கிண்டியது போதவில்லை என்று பொருள். அடுத்த முறை தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். உறையாத கூழ் வீணாகாது. அதைச் சூடாகவே அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது ஷான் வழக்கம்.

தட்டைக்குப் பதிலாக நான் பொரித்த பருப்பு வடையை உதிர்த்துப் போடுவேன். மௌலமியைன் அண்ணனுக்கு: கூனி வேண்டாதவர்கள் காளானை உலர்த்தி வறுத்துப் பொடிக்கலாம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

மௌலமியைன்

சிரித்துவிட்டேன். ஆனாலும் ஒரு தகவல் சேர்க்கிறேன்: தோஃபூ மிஞ்சினால் தாளாக வெட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டுவையுங்கள். எண்ணெயில் போட்டால் அப்பளமாகப் பொரியும். மழைக்காலத்தில் முயல வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.