ரத்தப் பரிசோதனையில் டிஎன்எம்டி3ஏ மாற்றம் 6%: லுக்கிமியாவின் ஆரம்பமா?

கேள்வி:
வயது 72. வேறு காரணத்துக்காக எடுத்த மரபணுப் பரிசோதனையில் டிஎன்எம்டி3ஏ என்ற மரபணுவில் மாற்றம், அலீல் விகிதம் (அந்த மரபணுவின் பிரதிகளில் மாறியவற்றின் பங்கு) 6% என்று வந்திருக்கிறது. சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை) முழுக்க நார்மல். லுக்கிமியா (ரத்தப் புற்று) தொடங்குகிறதா? பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில் 1:
லுக்கிமியா இல்லை. இதற்கு 'சிப்' என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஒரு ஸ்டெம் செல்லில் மாற்றம் விழுந்து, அதன் வழிவந்த செல்கள் மற்றவற்றை முந்திப் பெருகியிருக்கின்றன. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இருக்கும். ஒரு செல்லில் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், வழக்கமாக மாறுவது அதில் ஒன்று. ஆகவே 6% என்றால் சுமார் 12% செல்கள் அந்த வழியில் வந்தவை. பொதுவாகச் சிப் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்று வரும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.5 முதல் 1%. டிஎன்எம்டி3ஏ ஒன்று மட்டும், அதுவும் இவ்வளவு சிறிய விகிதத்தில் என்றால் இன்னும் குறைவு.

இது வாழ்நாளில் வந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது. விகிதம் 50%ஐ ஒட்டி இருந்தால்தான் பிறவியிலேயே வந்ததா என்ற சந்தேகம் வரும். அப்போது தோல் செல்களை வளர்த்துச் சோதிக்க வேண்டும். எச்சில் சாம்பிளை நம்பாதீர்கள், அதில் வெள்ளணுக்கள் கலந்திருக்கும்.

பதில் 2:
எல்லோரும் புற்றைப் பற்றியே கேட்கிறார்கள், இதயத்தை விட்டுவிடுகிறார்கள். 2017இல் வெளியான ஆய்வில் சிப் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் ஏறத்தாழ இரு மடங்கு. சிப்பில் மாறும் இன்னொரு மரபணுவான டெட்2இல் மாற்றம் உள்ள மேக்ரோஃபேஜ்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அதிகமாகச் சுரந்து, தமனிப் படிவில் அழற்சியைக் கூட்டுவது எலிகளில் தெளிவாகத் தெரிந்தது. ஜாக்2 மரபணுவில் மாற்றம் என்றால் இன்னும் மோசம், ரத்தம் உறையும் ஆபத்தும் சேரும். சிப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. பிரஷர், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), சுகர், சிகரெட் இந்த நான்கையும் கண்டிப்பாகக் கட்டுக்குள் வையுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

பதில் 3:
சிபிசியை 3 மாதத்தில் ஒருமுறை, மாற்றமில்லை என்றால் அதன்பின் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஹீமோகுளோபினோடு நிறுத்தாதீர்கள். எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 100ஐத் தாண்டுகிறதா, ஆர்டிடபிள்யூ (அந்த அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு) 15ஐத் தொடுகிறதா என்று பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். எம்சிவி ஏறினால் முதலில் பி12, ஃபோலேட், மது இவற்றைப் பார்க்க வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை மாதக்கணக்கில் குறைந்தே இருந்து காரணமும் பிடிபடவில்லை என்றால் அது சிப் அல்ல, 'சிசியுஎஸ்'; ரத்தநோய் மருத்துவர் மஜ்ஜைப் பரிசோதனை சொல்வார்.

மரபணு டெஸ்டை மறுபடி எடுப்பதானால் அதே லேப், அதே பேனல் (சோதிக்கும் மரபணுக்களின் தொகுப்பு). லேப் மாறினால் 6% எட்டாகத் தெரிவதற்கும் உண்மையிலேயே வளர்வதற்கும் வித்தியாசம் புரியாது.

கேட்டவர்:
பிற்காலத்தில் கீமோ தேவைப்பட்டால்?

பதில் 3:
இந்த ரிப்போர்ட்டை அவசியம் காட்டுங்கள். டிபி53, பிபிஎம்1டி மரபணுக்களில் மாற்றமுள்ள செல்கள் கீமோவைத் தாங்கிப் பிழைத்து மஜ்ஜையில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎன்எம்டி3ஏவில் அந்த ஆபத்து குறைவு.