அப்பாவுக்கு கிளையோபிளாஸ்டோமா: அவரிடம் சொல்லாமல் இருப்பது சரியா?

கேள்வி: பொருநைக்கரை

வணக்கம். என் தந்தைக்கு 63 வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இடது நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் மூளையில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை மூலம் முடிந்தவரை அகற்றியிருக்கிறார்கள். பயாப்சி முடிவில் கிளையோபிளாஸ்டோமா, கிரேடு நான்கு, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய் என்று வந்தது. இப்போது ரேடியேஷன் நடக்கிறது. கூடவே தினமும் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை கொடுக்கிறோம். இதைக் குணப்படுத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும் என்று மருத்துவர் என்னையும் என் சித்தப்பாவையும் தனியாக அழைத்துச் சொன்னார்.

அப்பாவிடம், "அது நீர்க்கட்டி, எடுத்தாயிற்று, திரும்ப வராமலிருக்கக் கரண்ட் வைக்கிறார்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் மனம் விட்டுவிடுவார் என்பது சித்தப்பாவின் உறுதியான எண்ணம். ஆனால் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர், புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகையின் கீழ்தான் தினமும் தன் முறைக்காக உட்கார்ந்திருக்கிறார். இதுவரை எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பேச்சிலும் தடுமாற்றம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் "சாவியை எடு" என்கிறார். சாவியை நீட்டினால் அது இல்லை என்று அவருக்கே தெரிகிறது, சரியான சொல் மட்டும் வர மறுக்கிறது, உடனே கோபம் வந்துவிடுகிறது. வீட்டில் குரலை உயர்த்தியே அறியாதவர், சோறு ஆறிவிட்டது என்று நேற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். இது நோயினாலா, மருந்தினாலா? அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: மலைக்கோட்டை

சகோதரி, கோபத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அதில்தான் உடனடியாக ஏதாவது செய்ய முடியும். என் கணவருக்கும் இதே நோய்தான். கடந்த ஆண்டு காலமானார்.

உங்கள் தந்தைக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறார்களா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். மூளையின் வீக்கத்தை வற்றச் செய்யும் ஸ்டீராய்டு அது. தலைவலியையும் வாந்தியையும் வேகமாகக் குறைக்கும். அதே வேகத்தில் தூக்கத்தைக் கெடுத்து, அடங்காப் பசியைக் கிளப்பி, சர்க்கரையை ஏற்றி, சிடுசிடுப்பையும் கொண்டுவரும். மாலை வேளை மாத்திரையை மதியத்துக்கு முன்பே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். என் கணவருக்கு அப்படி மாற்றிய பிறகுதான் இரவில் கண் மூடினார், பகலில் பேச்சும் தணிந்தது. நாளாக ஆகத் தொடைத் தசை வலுவிழந்துவிடும் என்பதால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். கழிப்பறையில் கைப்பிடி வைப்பதை இப்போதே செய்துவிடுங்கள். வலிப்புக்கு லெவெட்டிரசெட்டம் எழுதியிருந்தால், அதுவும் சிலருக்கு மூர்க்கமான கோபத்தை உண்டாக்கும். மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றக்கூடும். இரண்டில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டெமோசோலோமைடைப் பொறுத்தவரை, வாந்தி நிற்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றில் விழுங்க வைப்பதே எங்களுக்கு ஒத்துவந்தது. கேப்சூலை உடைத்துக் கலக்கக் கூடாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை விழும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை காத்திருக்காமல் அப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

வலிப்பு வந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். அவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும்.

பதில்: இரண்டாம் வரிசை

நான் நோயாளியின் இடத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே கட்டிதான், வலப்பக்கம். இடது கை ஒத்துழைக்காததால் ஒரே கையால் தட்டச்சு செய்கிறேன்.

சொல்லலாமா என்ற கேள்வியில் உங்கள் சித்தப்பாவின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பல புற்றுநோய்களில் உடல் தளர்ந்த பின்னும் மனம் தெளிவாக இருக்கும். இந்த நோய் முடிவெடுக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் தந்தைக்கோ கட்டி இருப்பது பேச்சுக்கான பகுதியின் பக்கத்தில். தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லும் திறன், உயிர் பிரிவதற்கு வெகு நாள் முன்பே அவரை விட்டுப் போய்விடக்கூடும். அதற்குள் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று மருத்துவரே அவரிடம் கேட்கட்டும். போதும் என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதுவும் அவருடைய முடிவாக இருக்கும்.

ஆயுட்கணக்கு கேட்பார் என்று பயந்தால், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிகிச்சை முறைக்கு அடிப்படையான ஆய்வு 2005இல் வெளியானது. அதில் 60 கிரே அளவுள்ள ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம்; டெமோசோலோமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டாண்டைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு அப்பாலும் இருந்தார்கள் என்று பொருள். பயாப்சி அறிக்கையில் எம்ஜிஎம்டி மெத்திலேஷன், அதாவது கட்டியில் அந்த மரபணு அடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அது இருந்தால் மாத்திரை கூடுதலாக வேலை செய்யும்.

இன்னொன்று. ரேடியேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலத் தெரியலாம். சிகிச்சையால் வந்த வீக்கமே சில வேளைகளில் அப்படிக் காட்டும். எனக்கும் அப்படித்தான் காட்டியது. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் அழுது தீர்க்க வேண்டாம், அடுத்த ஸ்கேன் வரை பொறுங்கள். அந்த நாட்களில் அவர் பகலெல்லாம் தூங்கினால் சோம்பேறித்தனம் என்று எழுப்பாதீர்கள். அந்தக் களைப்பு நல்ல தூக்கத்தால் தீர்கிற களைப்பு அல்ல.

பொருநைக்கரை

இருவருக்கும் நன்றி. மாத்திரை நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். மருத்துவர் நீங்கள் எழுதிய விதத்திலேயே அப்பாவிடம் கேட்டார். நோயின் பெயரை அப்பா கேட்கவே இல்லை. பூர்வீக வீட்டில் தன் பங்கை அம்மா பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்றார், அதுவும் சித்தப்பாவை வைத்துக்கொண்டே. பிறகு, கடைசியில் தன்னை மருத்துவமனையில் போட்டுவிடக் கூடாது என்றும் விட்டு விட்டுச் சொன்னார். இவற்றுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆதரவுச் செவிலி

வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையில் பணிபுரிகிறேன். உங்கள் தந்தை கேட்ட இரண்டையுமே இந்த மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். இடப்பக்கக் கட்டி என்பதால் வலது கை தளரக்கூடும். கையெழுத்து மாறிப்போனால் வங்கியில் தொடங்கிப் பதிவு அலுவலகம் வரை ஒவ்வொரு இடத்திலும் கேள்வி வரும். உயில் எழுதுவதானால் இரண்டு சாட்சிகள் வேண்டும். தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரின் சான்றும் அதே தேதியில் இருந்தால் பின்னால் வழக்கு வந்தாலும் கைகொடுக்கும். பவர் பத்திரத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் நம் சட்டப்படி அது செல்லாமல் போகிறது.

மருத்துவமனை வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம் என்பதையும் எழுத்தில் வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கியது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது முடியும், ஆனால் ஆயத்தம் வேண்டும். இந்த நோயின் கடைசி வாரங்களில் பெரும்பாலும் உறக்கம் கூடிக்கொண்டே போகும், பிறகு விழுங்க முடியாமல் போகும். அந்தக் கட்டத்தில் வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாலே போதும். விழுங்க முடியாதபோது வலிப்பு மருந்தை எந்த வழியில் கொடுப்பது என்பதை முன்பே கேட்டு, மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரேயை வாங்கி வைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சைக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அவர் நடமாடும்போதே பதிவதுதான் நல்லது, அப்போது வருகிறவர்களுக்கு அவருடைய பேச்சும் பழக்கமும் தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் இப்போது முழு விவரத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவர்தான்.