“இதையெல்லாம் யாரு பார்ப்பா?” – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோட்டத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்

போன ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒட்டுக்கடைக்குப் பசியாறப் போனேன். பக்கத்து மேசையில் பெரிய வாக்குவாதம். எந்த விளையாட்டைப் பார்த்தால் விறுவிறுப்பு, எதைப் பார்த்தால் தூக்கம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். காற்பந்தை யாரும் தொடவில்லை. பூப்பந்தும் தப்பித்தது. நடைப்போட்டி என்று ஒருவர் சொன்னதும் மேசை முழுக்கச் சிரிப்பு. “மனுசன் நடக்கிறதை உட்கார்ந்து பார்க்கணுமா?” என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

1998 செப்டம்பர், கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி. நாங்கள் அப்போது லயத்து வீட்டில் இருந்தோம், எனக்குப் பதினான்கு வயது. 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வாங்கிய செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அதுவும் நம் பையன். இரவு அதைத் தொலைக்காட்சியில் திரும்பக் காட்டினார்கள். முடிவுதான் தெரியுமே என்று நான் எழுந்து போகப் பார்த்தேன். அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்பா பால்மரம் வெட்டியவர். இரண்டு காண்டா வாளி நிறையப் பாலைத் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் காட்டுப் பாதையில் நிறுக்கும் இடம் வரை நடப்பார். குதித்து நடந்தால் பால் தளும்பும். தளும்பினால் எடை குறையும், எடை குறைந்தால் சம்பளம் குறையும். அதனால் முட்டியை அதிகம் மடக்காமல், இடுப்பைத் திருப்பித் திருப்பி, தோள் மேலும் கீழும் போகாமல் நடக்கப் பழகியிருந்தார். அவர் திரையைக் காட்டிச் சொன்னது ஒன்றுதான்: “தலையைப் பாருடா. ஒரு சொட்டு சிந்தாது.”

அப்புறம்தான் நான் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் போட்டியின் விதி கடுமையானது. எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. அப்போதெல்லாம் மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் ஆள் வெளியே. எல்லாரும் கேலி செய்கிற அந்த இடுப்பு ஆட்டம் இந்த விதியால் வந்தது. கால் மடங்காமல் ஒவ்வோர் அடியும் நீளமாக வேண்டுமென்றால் இடுப்புதான் திரும்ப வேண்டும். அதைச் செய்துகொண்டே சரவணன் நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார். ஓட்டக்காரன் களைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். நடப்பவன் களைத்தால் நடையே கெட்டுப்போகும், அட்டை வரும். அந்தப் பயம் கடைசிக் கிலோமீட்டர் வரை கூடவே வருகிறது. இதில் எங்கே சலிப்பு?

உங்களுக்கும் இப்படி ஒரு ஆட்டம் இருக்கும். எழுதுங்கள்.


கோல்காரர், சுங்கை சிப்புட்

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம். எனக்கு ஹாக்கி. தொலைக்காட்சியில் பார்த்தால் பந்து எங்கே என்றே தெரியவில்லை, விசில்தான் கேட்கிறது என்று என் பேரன் சொல்கிறான். உண்மைதான், அந்தப் பந்து சின்னது, கேமராவுக்கு அடங்காது. ஆனால் நான் ஹாக்கியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டவன். 1975இல் உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. மலேசிய அணிக்கு ஸ்ரீ சண்முகநாதன் தலைவர். அரையிறுதியில் இந்தியாவோடு மோதினோம். கிராணி வீட்டு வானொலியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றோம். 2-1 என்று முன்னணியில் இருந்தோம். முடியப் போகிற நேரத்தில் பெனால்டி கார்னரில், அதாவது தடுக்கிற அணியின் தப்புக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், இந்தியாவின் அஸ்லம் ஷேர் கான் அடித்துச் சமமாக்கினார். கூடுதல் நேரத்தில் 3-2 என்று இந்தியா வென்றது. எங்களில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டி அந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அன்று ஒருவர்கூட இந்தியா பக்கம் நிற்கவில்லை. கிராணி வானொலியை அணைத்த பிறகும் ரொம்ப நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தால் ஈப்போவுக்குப் போய்விடுவேன். ஆட்டத்துக்கு முன் செயற்கைத் திடலில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், பந்து வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக. பெனால்டி கார்னரின்போது கோல் கோட்டில் கோல் காவலரோடு நான்கு பேர் முகக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அதை அடிக்கப் போகிறவனை நோக்கி அவர்களில் சிலர் நேராக ஓடுவார்கள். பந்துக்குக் குறுக்கே ஓடுகிற துணிச்சல் அது. கோலின் அடிப்பலகையில் பந்து மோதும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், நெஞ்சுக்குள் கேட்கும். வீட்டில் உட்கார்ந்தால் அது கிடைக்காது. பேரனை ஒரு முறை கூட்டிப் போனேன். இப்போது அவனே தேதி கேட்கிறான்.


லோரி அண்ணன்

ஐயா சொல்வதற்கு நேர் எதிராக ஒன்று. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை எஃப்1 கார் பந்தயம் நடந்தது இல்லையா, ஒரு வருடம் காசு சேர்த்துப் போனேன். ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டர், மொத்தம் 56 சுற்று. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை கார் கண் முன்னால் பறக்கும், அப்புறம் காத்திருக்க வேண்டும். யார் யாரை முந்தினார் என்பதே தெரியவில்லை. வீட்டில் பார்த்தால்தான் டயர் எப்போது மாற்றினான், எத்தனை வினாடி வித்தியாசம் என்று கதை புரிகிறது. சில ஆட்டம் திடலுக்கு, சில ஆட்டம் திரைக்கு. நடைப்போட்டி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, தம்பி. அடுத்த முறை தலையைப் பார்க்கிறேன்.


இறகுப்பந்து அக்கா

2025 ஆகஸ்ட் 31, சுதந்திர தின இரவு. பாரிஸில் உலகப் பூப்பந்து இறுதி ஆட்டங்கள். பெண்கள் இரட்டையரில் நம் தீனா முரளிதரனும் பெர்லி டானும். உலகப் போட்டியின் இறுதிக்கு மலேசியப் பெண்கள் இரட்டையர் வந்தது அதுவே முதல் முறை. சாப்பிடப் போன கடையில் அதைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் எழுந்து, “பொம்பளைங்க டபுள்ஸ் இழு இழுன்னு இழுக்கும், காற்பந்து போடுங்க” என்றார்கள். கடைக்காரரும் மாற்றிவிட்டார். நான் சாப்பாட்டைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

இழுக்கிறது என்று சொல்பவர்கள் அடியை மட்டும் பார்க்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் இரண்டு மூன்று ஸ்மாஷில் புள்ளி முடிந்துவிடும். பெண்கள் இரட்டையரில் அடித்த பந்து திரும்பி வரும், மறுபடி அடித்தாலும் வரும். ஒருத்தி பின்னால் போனால் மற்றவள் எங்கே நிற்கிறாள், எதிராளியை எந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். நானும் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். முப்பதாவது அடியில் தோள் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது செட் வரை போராடித் தோற்றார்கள், வெள்ளி. அதே நாளில் கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜீயும் தோ ஈ வெய்யும் தங்கம் வாங்கினார்கள். அந்தக் கடையில் அன்று உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தீனாவைப் பார்க்காமல் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி உலக இறுதியில் ஆடுகிறாள். அதைவிட விறுவிறுப்பு வேறு என்ன வேண்டும்?


தோட்டத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்

அக்கா, அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “அந்தக் கடைக்கு இனிமே போகாதே” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோக்கியோ ஒலிம்பிக்கோடு 50 கிலோமீட்டர் நடையை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது அப்பா தினமும் நிகழ்ச்சி நேரத்தைப் பார்க்கச் சொன்னார். “20 இருக்கு, 50 எங்கடா?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “20இல் யார் வேண்டுமானாலும் சிந்தாமல் போகலாம்” என்றார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், 20இலும் வேகம் அதிகம், அட்டையும் விழும். ஆனால் அவர் எதை இழந்தார் என்று எனக்குப் புரிந்தது.

கோல்கார ஐயா, அடுத்த அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு நீங்கள் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்பாவைக் கூட்டி வருகிறேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏறச் சிரமம். அதனால் கீழ் வரிசையில், கோலுக்குப் பக்கமாக இடம் பிடிக்க வேண்டும். அந்த ‘டொக்’ சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.