லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க, பிளாட்டுக்குப் போலாமா?

முருங்கமரத்து_வீடு:
வணக்கம். நாங்க மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல, நிர்வாகம் குடுத்த லயத்துல, அதான் வரிசை வீட்டுல இருக்கோம். அப்பா பால்மரம் வெட்டி அப்புறம் செம்பனைல வேல செஞ்சு ஓய்வாயிட்டாரு, இப்ப வீட்ட காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்துருச்சு. அரசாங்கம் கம்மி வாடகைக்குக் குடுக்கற பிபிஆர் பிளாட்டுக்கு மனு போடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மாவுக்கு முட்டி வலி. வாசல்ல முருங்க, பின்னாடி ஆறு கோழி, விடிஞ்சதும் அதுங்ககூட பேசிட்டுதான் அடுப்பே பத்த வெப்பாங்க. பிளாட்ல இருக்கறவங்க சொல்லுங்க, அங்க வாழ முடியுதா?

ஏழாவது_மாடி:
தங்கச்சி, நான் 11 வருஷமா பிபிஆர்லதான் இருக்கேன். 700 சதுர அடி, மூணு ரூம், வாடகை மாசம் 124 வெள்ளி (ரிங்கிட்). இந்தக் காசுக்கு வெளிய ஒரு ரூம் கூட கெடைக்காது, லயத்துல ஒழுகுன மாதிரி கூரையும் ஒழுகாது. கஷ்டமெல்லாம் கதவுக்கு வெளியதான். லிப்ட் கெட்டுச்சுன்னா, எங்க மாடி பாட்டி மூணாவது மாடி படிக்கட்டுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க, மார்க்கெட் பைய மடியில வெச்சிக்கிட்டு அதுல உக்காந்து மூச்சு வாங்கிட்டுதான் மேல வருவாங்க. அம்மாவுக்கு டாக்டர் லெட்டர் வெச்சு கீழ் மாடியா கேளுங்க.

தோட்டத்து_அக்கா:
மனு போடுங்க, ஆனா அதோட விட்டுறாதீங்கம்மா. தோட்ட வீடு எப்படி இருக்கணும், தண்ணி கரண்ட் எப்படி குடுக்கணும்னு 1990ல வந்த 446ஆவது சட்டம் சொல்லுது, ஆனா அது நாம அங்க வேல செய்யற வரைக்கும்தான், வேல போனா வீடும் போச்சு, மூணு தலமுறையா நம்ம கத இதான். தோட்டங்கள துண்டு போட்டு வித்த காலத்துல அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு, மாசம் 10 வெள்ளி கட்டி பங்கு வாங்கி தோட்டத்தயே வாங்குனாங்க நம்ம ஆளுங்க. தனித்தனியா போயிருந்தா முடிஞ்சிருக்குமா? எல்லாக் குடும்பமும் சேந்து தரை வீடு கேளுங்க, பள்ளிக்கூடமும் கோயிலும் நடக்கற தூரத்துல இருக்கணும்னு கேளுங்க.

பிளான்_வரையறவன்:
அக்கா சொல்றது சரி. சிங்கப்பூர்ல 1960ல வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்துச்சு, அவங்க வீட்ட மட்டும் கட்டல, கட, பள்ளிக்கூடம், பஸ் எல்லாத்தயும் சேத்தே பிளான் போட்டாங்க, நிலமும் அரசாங்கத்து கையிலயே இருந்துச்சு. நம்ம நாட்டுல பிபிஆர் மத்திய அரசாங்கத்தோட திட்டம், ஆனா நிலம் மாநிலத்து அதிகாரம். அதனால மத்திய அரசாங்கத்துக்கு மட்டும் கடிதம் எழுதிட்டு காத்திருக்காதீங்க, உங்க சட்டமன்ற உறுப்பினரையும் நில ஆபீசயும் பாருங்க. பஸ் எங்க நிக்கும், லிப்ட ரிப்பேர் பண்றது யாருன்னு சாவி வாங்கறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க.

முருங்கமரத்து_வீடு:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல எல்லாரயும் கூப்புட்டுருக்கோம், இதயெல்லாம் படிச்சுக் காட்டறேன். அம்மா இப்பவே முருங்கக் கொம்பு ஒண்ண வெட்டி தகர டின்னுல நட்டு வெச்சிட்டாங்க.